நாலாவது பெயர்

சிப்பாய் எண்ணிய கணக்குச் சரியாக வந்துவிட்டது. அதுதான் பிழை.

பின்னேரம் ஐந்து மணி இருக்கும். உட்துறைமுகப் பக்கமிருந்து எண்ணெயும் உப்பும் கலந்த காற்று ஒழுங்கைக்குள் மெதுவாக வந்துகொண்டிருந்தது. சுழியோடிகள் வராமலிருக்கக் கடற்படைக்காரர் தண்ணீருக்குள் போடும் வெடி எங்கோ அடியில் தும் என்று குமுற, அலுமாரிக் கண்ணாடி வழக்கம்போல ஒருதரம் நடுங்கி அடங்கியது. வாசலில் நின்ற சிப்பாய், கதவின் உட்பக்கம் ஆமி ஒட்டவைத்திருந்த குடும்பப் பட்டியலைப் பென்சிலால் ஒவ்வொரு பெயராகத் தட்டினான். குணரத்தினம். கதிரையிலிருந்து எழுந்து நின்ற மனிதர், ஒன்று. பூரணி. பக்கத்தில் நின்ற மனைவி, இரண்டு. தவப்பிரியா. எட்டு வயது மகள், மூன்று. நாலாவது பெயருக்குப் பென்சில் வந்ததும், ஐந்து வருடமாகச் சொல்லிவரும் பொய்யைச் சொல்லப் பூரணி வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் அவளுடைய தோளுக்கு மேலால் குசினிப் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"நாலு. ஹரி," என்று சிங்களத்தில் சொல்லிச் சரி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

பூரணி திரும்பிப் பார்த்தாள். குசினியில், அடுப்படியோரம் ஒருவரும் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த கைப்பிடித் துணி மட்டும், யாரோ இப்போதுதான் கை துடைத்துவிட்டுப் போனமாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"வெயிலுக்க நிண்டவன், கண் மயங்கியிருக்கும்," என்றார் குணரத்தினம். "கேள்வி கேளாமப் போயிட்டான். அதைப் பாரும்."

நாலாவது பெயர் புஷ்பவதி. பூரணியின் தங்கை.

தங்கையின் மேல் பூரணிக்குப் பொறாமை. வெளியில் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை; தனக்குத்தானே ஒளித்ததும் இல்லை. பத்து வருடத்துக்கு முன், நோர்வேயில் மீன் பதனிடும் இடமொன்றில் வேலை செய்த மாப்பிள்ளைக்குப் பூரணியைத்தான் பேசினார்கள். தனியாக எடுத்த படம் சரியாக விழவில்லை என்று, அக்காவும் தங்கையும் தோளோடு தோள் நின்ற படத்தை அனுப்பிவிட்டார்கள். 'இடது பக்கம் நிற்கிறவர்' என்று அவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். இடது பக்கம் நின்றது புஷ்பவதி. மூத்தவளை வைத்துக்கொண்டு இளையவளைக் கட்டிக்கொடுக்க ஏலாது என்று, அவசர அவசரமாகப் பூரணிக்குப் பிடித்து வந்த மாப்பிள்ளைதான் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்காக இருந்த குணரத்தினம். நல்ல மனிதர். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் முகம் தெரியாத அந்த நோர்வேக்காரனின் விரல் படத்தின் மேல் வந்து, தன் முகத்தைத் தாண்டிப் பக்கத்து முகத்தில் போய் நிற்பதைப் பூரணி பத்து வருடமாகக் கண்டுகொண்டுதான் இருந்தாள்.

தொண்ணூற்று மூன்றில் புஷ்பவதி ஏஜென்சிக்காரனைப் பிடித்து, வேறு பெயரில் எடுத்த பாஸ்போட்டில் போய்ச் சேர்ந்தாள். அதை ஆமிக் காம்பில் சொல்ல ஏலாது. சொல்லாமல் பெயரை வெட்டினால், இருபத்தைந்து வயதுப் பெண் எங்கே என்று கேட்பார்கள். இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்று அவர்களே முடிவுகட்டுவார்கள். அதனால் பெயரை அப்படியே விட்டார்கள். பட்டியலோடு ஒட்டியிருந்த குடும்பப் படத்தையும் விட்டார்கள். அதிலும் இரண்டு பேரும் தோளோடு தோள்தான், புஷ்பவதி இடது பக்கம்தான். யாராவது கேட்டால் உடுப்புத் தோய்க்கப் போய்விட்டாள், லோஞ்சில் மூதூருக்குப் போயிருக்கிறாள் என்று பூரணி சொல்வாள். சித்தியைக் கண்ட ஞாபகமே இல்லாத தவப்பிரியாவுக்கும் நாலு வயதிலேயே பாடம் பண்ணிவைத்திருந்தாள். பிள்ளை தடுமாறாமல் சொல்லும்: "சித்தி வெளியில போயிட்டா. இப்ப வந்திடுவா."

ஐந்து வருடமாக, வாரத்துக்கு இரண்டு தடவையாவது, அந்த வீட்டு வாசலில் நின்று அவள் வந்துவிடுவாள் என்று யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

புஷ்பவதி அனுப்பிய விளையாட்டுப் பெட்டி வந்தது அந்த வருடம் சித்திரையில், விடுமுறைக்கு வந்த ஒருவரின் கையில். உள்ளங்கையளவு மஞ்சள் பெட்டி, சாம்பல் நிறத்தில் சின்னத் திரை, பக்கவாட்டில் மடக்கி வைக்கும் ஒரு குட்டிப் பிடி. 'பற்றறி எண்டால் சென்ரியில ஆமிக்காரர் பறிப்பாங்கள் எண்டு, சுத்துற பிடி உள்ளதாப் பாத்து வாங்கினனான் அக்கா' என்று கடிதத்தில் இருந்தது. பிடியைச் சுற்றினால் திரையில் நெடுக்காக வெட்டிவைத்த மாதிரி ஒரு வீடு வரும். அதற்குள் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை. சுற்றச் சுற்ற அவர்களுடைய நாள் நகரும். சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், குழந்தையைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். பனி கொட்டினால் ஆண் வெளியே வந்து சறுக்கி விழுவான். அதற்கே தவப்பிரியா விழுந்து விழுந்து சிரிப்பாள். வீட்டில் புதிதாக ஏதும் நடந்தால் ஐந்து சுரத்தில் ஒரு மெட்டு ஒலிக்கும்.

அதற்கு 'நோர்வே வீடு' என்று பெயர் வைத்தார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமெல்லாம் அது பூரணியின் மடியில்தான். "உனக்கும் அம்மாவுக்கும் ஆர் சின்னப்பிள்ளை?" என்று குணரத்தினம் மகளிடம் பகிடி பண்ணுவார். பூரணியும் சிரித்தாள். முதல் மாதம் உண்மையாகவே சந்தோசமாகத்தான் இருந்தது.

பிறகுதான் கவனித்தாள். திரையில் மெட்டு ஒலித்து நீளமான சோபா ஒன்று வந்து, மூன்று கிழமையில் புஷ்பவதியின் கடிதம் வரும். உள்ளே, அதே நீளச் சோபாவில் அவள் கால்மேல் கால் போட்டு இருக்கும் படம். திரையில் கேக்கில் இரண்டு மெழுகுதிரி. பிறகு கடிதத்தில் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள். திரையில் கார், கடிதத்தில் சிவப்புக் கார். ஊரில் எல்லோருக்கும் வெளிநாட்டுக் கடிதம் ஒரு தடவைதான் வந்து எரிச்சலூட்டும். பூரணிக்கு இரண்டு தடவை வந்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், மழை மூடிக்கொண்டு நிற்கையில், மெட்டு ஒலித்தது. வீட்டுக்கு மேல் இன்னொரு வீடு முளைத்தது. மேல்மாடி, அதற்கு ஒரு படிக்கட்டு. சாம்பல் நிறப் பெண் படியேறிப்போய் ஜன்னலைத் திறந்து நின்றாள். கீழே, பூரணியின் குசினியில், ஒழுகும் கூரைக்கு வைத்த வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பிடியைப் பின்பக்கமாகச் சுற்றக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

சுற்றினாள். பெண் பின்பக்கமாகப் படியிறங்கினாள். மேல்மாடி கரைந்தது. பூரணிக்கு உடம்பெல்லாம் ஓர் இதம் பரவியது. இன்னும் சுற்றினாள். கார் பின்னோக்கி ஓடி மறைந்தது. அணைந்த மெழுகுதிரிகள் எரிந்தன, கேக் போனது, சோபா போனது. இனிச் சுற்றினால் குழந்தையும் போய்விடும் என்ற இடத்தில் கை நின்றது. நான் அவ்வளவு கெட்டவள் இல்லை என்று நினைத்துக்கொண்டு விரலை எடுத்தாள்.

விரலை எடுத்த பிறகும் பிடி சுற்றியது. தானாக, பின்பக்கமாக, மெதுவாக. சாம்பல் நிறப் பெண் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தெடுத்தாள். முகத்தை வீட்டுப் பக்கம் வைத்தபடியே, பின்காலால் கதவைத் தாண்டி, பனியைத் தாண்டி, திரையின் விளிம்பால் வெளியே போனாள். வீட்டுக்குள் ஆணும் குழந்தையும் மேசையில் இருந்தார்கள். அவ்வளவுதான். மெட்டுக்கூட ஒலிக்கவில்லை.

சிப்பாய் நாலு என்று எண்ணியது அதிலிருந்து பதினாறாம் நாள்.

மறுநாள் விடிய, இரவு பெய்த மழையில் முற்றத்து மணல் வழித்துவிட்ட மாதிரிக் கிடந்தது. அதில் வெறுங்கால் அடிகள். விரல்கள் வேலிப் படலையைப் பார்த்தபடி, குதி வீட்டைப் பார்த்தபடி, ஒரு வரிசை மட்டும். வீட்டிலிருந்து யாரோ வெளியே போயிருக்கிறார்கள். ஆனால் மூன்று பேரும் உள்ளேதான் இருந்தார்கள். பூரணி குனிந்து பார்த்தாள். நடந்து போகிறவரின் அடியில் விரல்பக்கம் அழுந்தி மண்ணைப் பின்னால் தள்ளியிருக்கும். இதில் குதிதான் அழுந்தியிருந்தது. மண் முன்னால் சிதறியிருந்தது. பழத்தோலும் மரக்கறி நெட்டியும் தின்ன வழக்கமாக முற்றத்துக்குள் வரும் புள்ளிமான், படலைக்கு வெளியே காதை விறைத்துக்கொண்டு நின்றது. வாழைப்பழத் தோலை எறிந்தும் வரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் றுக்கியா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "தங்கச்சி வந்திருக்காவா புள்ள? நேத்து பின்னேரம், அசறு தொழுகை நேரம் ஒங்கட குசினி வாசல்ல நிண்டா. முதுகத்தான் கண்டன். கூப்பிட்டன், திரும்பல்ல."

"அது நான்தான்," என்றாள் பூரணி.

"நீங்களா?" றுக்கியா ஒரு கணம் அவளையே பார்த்தாள். "சரி. நீங்களாத்தான் இரிக்கும்."

அன்றைக்கு மத்தியானம் குணரத்தினம் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இண்டைக்கு மீன்குழம்பு வேற மாதிரி. வெந்தயம் பொரிச்சுப் போட்டனீரோ? பழைய காலத்துப் புஷ்பவதியின்ர கை மாதிரிக் கிடக்கு." இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார். ஒன்பது வருடத்தில் அவர் இரண்டாம் தரம் கேட்டதில்லை. பூரணி வெந்தயம் போடவில்லை. குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வந்திருந்தாள், அவ்வளவுதான்.

அடுத்தநாள் தவப்பிரியா பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு வந்து நின்றபோது, இரட்டைப் பின்னலை மடித்துக் காதுக்கு மேல் தூக்கி ரிபன் கட்டியிருந்தது. அப்படிக் கட்டுவது ஒருத்திதான்.

"ஆர் பின்னினது?"

"நீங்கதானே அம்மா. பின்னுக்கு நிண்டு பின்னி விட்டனீங்கள்."

"முகத்தைப் பாத்தனியே?"

பிள்ளைக்குக் கேள்வி விளங்கவில்லை. "அம்மாதானே," என்றாள். "இண்டைக்கு நோகாமப் பின்னினனீங்கள்."

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது பழைய எரிச்சல், நெஞ்சுக்குழிக்குள் காந்திக்கொண்டு. நோர்வே அவளுக்கு. மேல்மாடி அவளுக்கு. மிச்சம் கிடந்தது இந்த ஒழுகும் வீடும், எரிச்சல்படாத ஒரு மனிதரும், ஒரு பிள்ளையும். அதற்கும் வந்துவிட்டாளா?

அன்று பின்னேரம் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கையில், திருவலையில் தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. சீராக, அவசரமில்லாமல். கறக், கறக், கறக். இடையில் காய் திருப்பும் சின்ன நிறுத்தம். பிறகு மறுபடி கறக், கறக். பூரணி தலையைத் திருப்பவில்லை. அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தாள். குசினிக் கதவின் இடைவெளியில் ஒரு முதுகு. வெளிறின பச்சைச் சோட்டி, வீட்டில் போடும் நீளச் சட்டை. பூரணியின் சோட்டி. பின்னல் இடுப்புக்குக் கீழே அசைந்தது. தண்ணீருக்குள் வெடி போட்டார்கள். தும். கண்ணாடி நடுங்கியது. நடுங்கி நின்றபோது முதுகு இல்லை. திருவலைக்குக் கீழே தட்டு நிறையத் தேங்காய்ப்பூ இருந்தது, ஈரமாக.

பச்சைச் சோட்டி பூரணியின் உடம்பில் இருந்தது.

நோர்வேயிலிருந்து கடிதம் வந்தது மூன்றாம் நாள். தங்கையின் கையெழுத்து இல்லை. புருசன் எழுதியிருந்தான், முதல் தடவையாக. ஒக்டோபர் இருபதாம் திகதியிலிருந்து புஷ்பவதியைக் காணவில்லை. கூடவே ஒரு பையும் காணாமல் போயிருந்தது. பொலிஸ் வந்து பார்த்தது. 'வாசற் பனியில் அடி இருக்கிறது மச்சாள். ஆனால் எல்லாம் வீட்டை நோக்கி வருகிற அடி. போன அடி ஒன்றுகூட இல்லை. குழந்தை இரவெல்லாம் அழுகிறது. உங்களுக்கு ஏதும் எழுதினவவோ?'

பூரணி மஞ்சள் பெட்டியை எடுத்து முன்பக்கமாகச் சுற்றினாள். சுற்றினாள். கை நோகும்வரை சுற்றினாள். ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தான். அவ்வளவுதான். போனவள் திரைக்குத் திரும்பவில்லை. போனவள் இங்கே இருந்தாள். குசினியில் எண்ணெய் தாளிக்கும் மணம் வந்தது.

கடிதத்தைக் குணரத்தினத்திடம் காட்டவில்லை. மறுநாள் காலை, பட்டியலுக்குப் பொறுப்பான விதானையாரிடம் போனாள். பட்டியலில் நாலாவது பெயரை வெட்ட வேண்டும் என்றாள்.

"காரணம் எழுத வேணும் பிள்ளை," என்றார் விதானையார்.

பூரணி பேனையை வாங்கித் தானே எழுதினாள். 'என் சகோதரி புஷ்பவதி வீட்டை விட்டுப் போய்விட்டார். இருக்குமிடம் தெரியாது. அவருக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.' ஐந்து வருடமாக எந்த வரிக்குப் பயந்தார்களோ அந்த வரி. எழுதி முடித்தபோது மேல்மாடி கரைந்த அன்றைக்கு வந்த அதே இதம் வந்தது.

விதானையார் இரண்டு தரம் வாசித்தார். "இப்பிடி எழுதினால் வேற மாதிரி எடுப்பாங்கள். படத்தோட காம்புக்குப் போகும். அவ பிறகு வந்தா, ஆளைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."

"வரமாட்டா," என்றாள் பூரணி.

இரண்டு நாள் வீடு சத்தமில்லாமல் இருந்தது. திருவலைச் சத்தம் இல்லை. வெந்தய மணம் இல்லை. பின்னலைப் பூரணியே பின்னினாள். பிள்ளை நோகுது என்று முகத்தைச் சுளித்ததுகூடப் பிடித்திருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் மண்ணெண்ணெய் போத்தலோடு ஒழுங்கை முனைக் கடைக்குப் போனாள். பத்து நிமிட வேலை. அடையாள அட்டையைக்கூட எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது படலை திறந்து கிடந்தது. முற்றத்தில் நாலு சிப்பாய்கள். வாசலில், அவர்களுக்கு மேலான, தமிழ் தெரிந்த பெரியவன் ஒருவன் கதவிலிருந்த பழைய பட்டியலைக் கிழித்துப் புதியதை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"மூன்று பேர்," என்றான் அவன். "மூன்றும் இருக்கு. சரி."

பூரணி போத்தலோடு நின்றாள். விறாந்தையில் குணரத்தினம், ஒன்று. படியில், மடியில் மஞ்சள் பெட்டியோடு தவப்பிரியா, இரண்டு. குசினியில் யாரோ தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் ஆர்?" என்றான் பெரியவன்.

"நான் இந்த வீட்டு ஆள். பூரணி."

அவன் கையில் ஓர் அடையாள அட்டை இருந்தது. அதைப் பார்த்தான். "பூரணி உள்ளே இருக்கு. காட் தந்தது." அட்டையைக் குணரத்தினத்திடம் கொடுத்தான். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு பூரணியைப் பார்த்தார். ஐந்து வருடப் பொய் ஒன்று பிடிபட்டுப்போன மனிதரின் பார்வை. பயமும் பரிதாபமும். வேறொன்றும் இல்லை. மனைவியைப் பார்க்கிற பார்வை இல்லை.

"இஞ்ச பாருங்கோ," என்றாள் பூரணி. "நான்தான். என்னைப் பாருங்கோ."

அவர் நிலத்தைப் பார்த்தார்.

பெரியவன் கோவையைத் திறந்தான். அவள் எழுதிய தாள். அதன் கீழே குடும்பப் படம். தோளோடு தோள் இரண்டு முகங்கள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு விரலைப் படத்தில் வைத்தான். விரல் வலது பக்கம் இருந்தது. அவளுடைய முகத்தில். ஒரு கணம்.

நகர்ந்தது.

இடது பக்கம் போய் நின்றது.

"பேபி," என்று அவன் பிள்ளையைக் கூப்பிட்டான். "இது யார்?"

தவப்பிரியா நிமிர்ந்தாள். இரட்டைப் பின்னல் மடித்துக் காதுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தது. பூரணி காலையில் கட்டியது அப்படி இல்லை. பிள்ளை தடுமாறவில்லை. பாடம் பண்ணிய குரல்.

"சித்தி," என்றாள். "வந்திட்டா."

போத்தல் கையிலிருந்து விழுந்தது. மண்ணெண்ணெய் மணம். யாரோ பின்னாலிருந்து இரண்டு கையையும் பிடித்தார்கள். தண்ணீருக்குள் வெடி. தும். குசினிச் சத்தம் நின்றது.

பச்சைச் சோட்டி வாசலுக்கு வந்தது. பின்பக்கமாக. முதுகு. பின்னல். பிள்ளைக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரு கை பின்னால் நீண்டு, தடவித் தடவி, பிள்ளையின் ரிபனை இறுக்கியது.

நோகாமல்.

தவப்பிரியா பெட்டியின் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மெதுவாக. பின்பக்கமாக.

"முன்னுக்குச் சுத்தம்மா," என்றாள் பூரணி. "பிள்ளை. முன்னுக்கு."

ஐந்து சுரத்தில் மெட்டு ஒலித்தது. பூரணி திரும்பி நடக்கப் பார்த்தாள். உடம்பு திரும்பவில்லை. முகம் வீட்டைப் பார்த்தபடியே இருக்க, கால்கள் பின்னுக்குப் போயின. ஒன்று. இன்னொன்று. படலையைத் தாண்டின. ஈர மணலில் அவளுடைய அடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன, விரல்கள் வீட்டைப் பார்த்தபடி.